வீட்டுக்குள்ளேயே பேசி முடிக்க முடியாது: தென்னாப்பிரிக்காவில் பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், வெருலம், டோங்காட் என்று டர்பனைச் சுற்றியுள்ள நம் ஜனங்கள் இந்த விஷயத்தை நேராகக் கேட்பதே இல்லை. சட்ட உதவி மேசையில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் வந்து பென்ஷன் மாதிரி வேறு எதையோ கேட்பார்கள், எழுந்து போகும்போது கதவருகே நின்று, "எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில்..." என்று ஆரம்பிப்பார்கள். அப்படி வந்த கேள்விகளைத்தான் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எந்த வீடு, எந்தக் குடும்பம் என்பதற்கு இதில் அடையாளம் எதுவும் கிடையாது. சட்டப்படி 18 வயது ஆகாத எல்லோருமே பிள்ளைகள்தான், நானும் அந்த அர்த்தத்தில்தான் எழுதுகிறேன்.

குடும்பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளக் கூடாதா? போலீஸுக்குப் போனால் மானம் போய்விடுமே?

கூடாது. பேசி முடிப்பதே ஒரு குற்றம் ஆகிவிடுகிறது, இதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

2007-ஆம் ஆண்டின் 32-ஆம் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, பாலியல் குற்றங்கள் சட்டம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதன் 54-ஆம் பிரிவின்படி, ஒரு பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பது யாருக்குத் தெரிந்தாலும் அவர் உடனே காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். அம்மா, அப்பா, டீச்சர் மட்டுமில்லை, "யாருக்குத் தெரிந்தாலும்". பக்கத்து அறையில் படுத்திருந்து அழுகைச் சத்தத்தைக் கேட்ட ஆயாவும் இதில் வருகிறார், பஞ்சாயத்துப் பேச வரவழைத்த பெரியப்பாவும் வருகிறார், பரிகாரம் கேட்டு நீங்கள் போய் நின்ற கோயில் குருக்களும் வருகிறார். என்னிடம் நம்பிச் சொன்னார்கள் என்று குருக்களோ பாஸ்டரோ விலக்குக் கேட்க முடியாது. சொல்லாமல் மறைத்தால் அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஹாலில் பத்துப் பேர், டீ வருகிறது, தப்புச் செய்த மாமா தலையைக் குனிந்துகொண்டு, "சாமி சத்தியமாக இனிமேல் இல்லை" என்கிறார், பாட்டி அழுகிறார், கொஞ்சம் பணம் கைமாறுகிறது, பிள்ளையை மட்டும் வேறு ஊர் சித்தி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஹாலில் இருந்த பத்துப் பேரும் அன்று இரவு சட்டத்தை மீறியவர்களாகத்தான் தூங்கப் போகிறார்கள். புகார் கொடுக்காமல் இருக்கப் பணம் வாங்குவதும் தனிக் குற்றம். பணம் வாங்கியவர்கள் பிள்ளையின் பெற்றோராக இருந்தாலும் அப்படித்தான்.

மானம் பற்றி ஒரு வார்த்தை. மானத்தைக் காப்பாற்ற என்று ஊரைவிட்டு அனுப்பப்படுவது எப்போதும் பிள்ளைதான், மாமா அதே வீட்டில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இதைவிட அநியாயமான ஒரு கணக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

எனக்கு உறுதியாகத் தெரியாது, சந்தேகம்தான். அதற்கும் சொல்ல வேண்டுமா?

ஆமாம். 2022 ஜூலை 31 முதல் அமலில் இருக்கும் திருத்தத்துக்குப் பிறகு, நியாயமான நம்பிக்கையும் சந்தேகமும்கூடக் கடமையை உண்டாக்கும். ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை, அதற்குப் போலீஸ் இருக்கிறது.

நான் சொல்லி, கடைசியில் அது தப்பாகப் போய்விட்டால் என்மேல் மானநஷ்ட வழக்குப் போட மாட்டார்களா?

நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ நிற்காது என்று அதே 54-ஆம் பிரிவு சொல்கிறது. பழி வாங்குவதற்காகத் தெரிந்தே பொய் சொன்னால் அது வேறு கதை, அவர்களுக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது. விவாகரத்து நடக்கும்போது வரும் புகார்கள் எல்லாமே பொய் என்று நம் ஆட்கள் ரொம்ப சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பிரிந்து வந்த பிறகுதான் பிள்ளைக்கு வாய் திறக்கத் தைரியம் வருகிறது என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

யாரிடம் போய்ச் சொல்வது?

எந்தக் காவல் நிலையத்துக்கும் போகலாம். சம்பவம் நடந்தது டோங்காட்டில், நீங்கள் இருப்பது சாட்ஸ்வொர்த்தில் என்றாலும் சாட்ஸ்வொர்த்தில் வழக்குப் பதிவு செய்துவிட்டு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். குடும்ப வன்முறை, குழந்தைப் பாதுகாப்பு, பாலியல் குற்றம் மூன்றுக்குமாகக் காவல்துறையில் எஃப்.சி.எஸ். என்று தனிப் பிரிவு உண்டு. முன் மேசையில் இருப்பவரிடம் முழுக்கதையையும் எல்லோர் காதிலும் விழச் சொல்லத் தேவையில்லை. "பிள்ளை சம்பந்தப்பட்ட பாலியல் குற்றம், எஃப்.சி.எஸ். அதிகாரி வேண்டும், தனி அறை வேண்டும்" என்று மட்டும் சொன்னால் போதும்.

போலீஸ் அவசர எண் 10111. சைல்ட்லைன் எண் 116, இலவசம், பிள்ளைகளே நேராகக் கூப்பிடலாம். இந்த அமைப்பு 1986-இல் இதே டர்பனில் தொடங்கியதுதான். பெண்கள், பிள்ளைகள் மீதான வன்முறைக்கான அரசு உதவி எண் 0800 428 428.

ஆசிரியர், டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர், மதத் தலைவர், பகல்நேரக் காப்பகத்தில் வேலை செய்பவர் போன்றவர்களுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் சட்டமான சிறுவர் சட்டம், 110-ஆம் பிரிவு. இவர்கள் படிவம் 22-ஐ நிரப்பி, சமூக மேம்பாட்டுத் துறைக்கோ, அங்கீகாரம் பெற்ற குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்கோ, போலீஸுக்கோ கொடுக்க வேண்டும். "பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார்" என்று டீச்சர் கை கழுவ முடியாது.

பிள்ளை இப்போதுதான் சொன்னாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதலில் என்ன செய்வது?

முதலில் உங்கள் முகத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள், பிள்ளை அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்காதீர்கள். குடைந்து குடைந்து விசாரிக்கவும் வேண்டாம். "மாமா இங்கே தொட்டாரா, அங்கே தொட்டாரா" என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால், பிறகு எதிர்தரப்பு வக்கீல், "அம்மா சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறாள்" என்பார். அவளாகச் சொன்னதை, அவள் சொன்ன வார்த்தையிலேயே, தேதியும் நேரமும் போட்டு ஒரு தாளில் எழுதிவையுங்கள். அவள் கொச்சையாகச் சொன்னால் கொச்சையாகவே எழுதுங்கள், நாகரிகப்படுத்த வேண்டாம். பிள்ளை முதன்முதலாக யாரிடம் சொன்னாளோ அவர் நீதிமன்றத்தில் முக்கியமான சாட்சி, அது நீங்களாகத்தான் இருக்கப்போகிறீர்கள்.

சம்பவம் சமீபத்தியது என்றால் குளிப்பாட்டாதீர்கள். மனசு கேட்காது, தெரியும், வெந்நீர் வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டி, புது நைட்டி போட்டு, பூஜை அறையில் திருநீறு பூசிப் படுக்கவைக்கத்தான் தோன்றும். பொறுங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் கட்டிக் கெட்டுப்போகும். முடிந்தால் கழிப்பறைக்குப் போவதையும் தள்ளிவையுங்கள்.

அப்புறம், அந்த ஆளை நேரில் போய்க் கேட்காதீர்கள். உங்கள் தம்பி நான்கு பேரோடு போய் அடித்துவிட்டு வந்தால், போனில் இருந்ததை அழிக்கவும் ஜோகன்னஸ்பர்க்குக்கு பஸ் ஏறவும் அவனுக்கு நேரம் கிடைக்கும், தம்பிமேல் ஒரு தாக்குதல் வழக்கும் வரும்.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்? எந்த ஆஸ்பத்திரி?

துதுசேலா மையம் எங்கே என்று கேளுங்கள். தேசிய அரசு வழக்குத் தொடுப்பு ஆணையம் ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து நடத்தும் மையங்கள் இவை, முதலாவது 2000-இல் கேப்டவுன் பக்கம் மேனன்பெர்க்கில் தொடங்கியது. நம் பக்கத்தில் சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி, பீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு ஆஸ்பத்திரி, உம்லாசியில் பிரின்ஸ் ம்ஷியேனி ஆஸ்பத்திரி ஆகிய மூன்றிலும் இருக்கின்றன. டாக்டர், நர்ஸ், ஆலோசகர், போலீஸ் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்கள், பிள்ளையை நான்கு இடத்துக்கு இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

நேரம்தான் இங்கே முக்கியம். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதன் பிறகு பயனில்லை. மருந்து இலவசம். போலீஸில் வழக்குப் போட்டால்தான் மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இதற்கென்று குறிக்கப்பட்ட ஆஸ்பத்திரியில் சம்பவத்தைச் சொன்னாலே மருந்து தர வேண்டும் என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது. 72 மணி நேரம் தாண்டிவிட்டாலும் போங்கள், மற்ற சிகிச்சையும் பரிசோதனையும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் கேட்கவும் வழி இருக்கிறது, சம்பவம் நடந்து 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

டாக்டர் ஜே88 என்ற படிவத்தை நிரப்புவார். அதில் உடலின் கோட்டுப்படங்கள் இருக்கும், எங்கே காயம், எங்கே தழும்பு என்று அதில் குறித்துக்கொள்வார். ஒன்று சொல்லிவிடுகிறேன்: படிவத்தில் "காயம் எதுவும் இல்லை" என்று வந்தால் வழக்குப் போச்சு என்று பெற்றோர் உடைந்துபோகிறார்கள். பல சம்பவங்களில் உடம்பில் தடயமே இருக்காது, பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஆறியும்விடும். காயம் இல்லை என்பதற்குக் குற்றம் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை, டாக்டர்களும் அதைத்தான் சாட்சியில் சொல்வார்கள்.

பெற்றோரே சந்தேகத்துக்கு உரியவராக இருந்து பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ள மறுத்தால் மாஜிஸ்திரேட் அனுமதி கொடுக்கலாம்.

செய்தவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். புகார் கொடுத்தால் வெல்ஃபேர்காரர்கள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே?

இந்தப் பயத்தினால்தான் பாதி அம்மாக்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். சிறுவர் சட்டத்தின் 153-ஆம் பிரிவை நம் ஜனங்களில் ரொம்பப் பேருக்குத் தெரியாது. பிள்ளைக்குப் பதிலாக அந்த ஆளை வெளியே அனுப்பலாம். ஆளை வீட்டிலிருந்து அகற்றுவதுதான் பிள்ளைக்கு நல்லது என்று தோன்றினால், போலீஸ் அதிகாரி எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுப்பார்: வீட்டைவிட்டுப் போ, உள்ளே வராதே, பிள்ளையோடு தொடர்பு வைக்காதே, அடுத்த நீதிமன்ற நாளில் சிறுவர் நீதிமன்றத்துக்கு வந்து நில். வீடு அவர் பெயரில் இருக்கிறதே என்பதெல்லாம் இதற்குக் குறுக்கே வராது. இதைக் கேட்டு வாங்குங்கள், தானாக நினைவுக்கு வரும் என்று காத்திருக்காதீர்கள். கூடவே 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம், பிள்ளையே யார் துணையும் இல்லாமல் விண்ணப்பிக்கவும் அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது.

பிள்ளையை எடுத்துக்கொண்டு போவதும் நடக்கத்தான் செய்கிறது. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் அந்த ஆளின் பக்கம் நிற்கும்போது நடக்கிறது. அம்மா உறுதியாகப் பிள்ளை பக்கம் நின்றால் சமூகப் பணியாளருக்குப் பிள்ளையை எடுக்கக் காரணமே இருக்காது. அப்படியே எடுத்தாலும் அது சரிதானா என்று சிறுவர் நீதிமன்றம் உடனே பார்க்க வேண்டும், நீங்கள் போய்ப் பேசலாம்.

போலீஸ் புகாரை எடுக்க மறுத்தால்?

"குடும்ப விஷயம், நாளைக்கு வாங்க" என்று சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். நிலையத் தலைமை அதிகாரியைக் கேளுங்கள். பேசுபவரின் பெயரையும் பதவியையும் எழுதிக்கொள்ளுங்கள், எழுதுவதைப் பார்த்தாலே பாதிப் பேருக்குக் குரல் மாறும். கேஸ் நம்பர் இல்லாமல் வெளியே வராதீர்கள். வாக்குமூலத்தைக் கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள், நீங்கள் சொன்னது ஒன்றும் அவர் எழுதியது வேறொன்றுமாக இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். ஒரு வருஷம் கழித்து எதிர்தரப்பு வக்கீல் கையில் பிடித்துக்கொண்டு கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.

என் மகளுக்கு 15, "நாங்கள் காதலிக்கிறோம்" என்கிறாள். இதுவும் குற்றமா?

அந்தப் பக்கம் இருப்பவரின் வயதைச் சொல்லுங்கள், பிறகு பதில் சொல்கிறேன்.

சம்மதம் சொல்லும் வயது 16. 12-க்குக் கீழே உள்ள பிள்ளையின் "சரி" என்ற வார்த்தைக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை, அது நேரடியாக வன்புணர்ச்சிதான். 12 முதல் 15 வரை உள்ள பிள்ளையோடு பெரியவர் ஒருவர் உறவு வைத்துக்கொண்டால், பிள்ளை சம்மதித்திருந்தாலும் குற்றம். ஆனால் இரண்டு பேருமே 12 முதல் 15-க்குள் இருந்தால், விருப்பத்தோடு நடந்ததற்கு வழக்கு இல்லை. ஒருவர் 15, இன்னொருவர் 16 அல்லது 17, வயது வித்தியாசம் இரண்டு ஆண்டுக்குள் என்றாலும் இல்லை. முன்னே இதுவும் குற்றமாகத்தான் இருந்தது, பிள்ளைகள் இரண்டு பேரையும் கூண்டில் ஏற்றும் நிலை. பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உதவும் டெடி பேர் கிளினிக் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2013-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது.

ஆக, உங்கள் மகளின் ஆள் வகுப்புத் தோழன் என்றால் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், போலீஸ் தேவையில்லை. டாக்ஸி ஓட்டும் 24 வயதுக்காரர் என்றால் காதல் கதையை நிறுத்திவிட்டு நிலையத்துக்குப் போங்கள்.

ஆள் பள்ளி ஆசிரியர் என்றால் மாணவிக்கு 16 அல்ல, 18 ஆகியிருந்தாலும் சரி, தன் பள்ளி மாணவியோடு உறவு வைத்த ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கியே ஆக வேண்டும் என்று ஆசிரியர் பணிச் சட்டம் சொல்கிறது.

பையன்களுக்கும் இந்தச் சட்டம் உண்டா?

உண்டு. 2007 சட்டம் வந்ததிலிருந்து வன்புணர்ச்சியின் வரையறையில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. செய்தது பெண்ணாக இருந்தாலும் குற்றம்தான். "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன ஆகிவிடப்போகிறது" என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

இந்தியாவில் போக்சோ இருக்கிறதே, அது இங்கே செல்லுமா?

செல்லாது. போக்சோ 2012-இல் வந்த இந்தியச் சட்டம், தமிழ்த் தொலைக்காட்சியில் தினமும் கேட்டுக் கேட்டு இங்கேயும் அதுதான் என்று நினைக்கிறோம். அங்கே சம்மத வயது 18, இங்கே 16. தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை மட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். கோயில் யாத்திரைக்கு மதுரை, பழனி என்று குடும்பமாகப் போன இடத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவர் தப்புச் செய்தால்? தென்னாப்பிரிக்கக் குடிமகனோ இங்கே வசிப்பவரோ வெளிநாட்டில் செய்த பாலியல் குற்றத்துக்கும் இங்கே வழக்கு நடத்தலாம். "அது இந்தியாவில் நடந்தது" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

பிணையில் வெளியே வந்து எங்களை மிரட்டினால்?

பிள்ளையை வன்புணர்ச்சி செய்த வழக்கில் பிணை சுலபமில்லை, அசாதாரணமான காரணம் இருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். அப்படியும் சிலருக்குக் கிடைத்துவிடுகிறது. பிணை விசாரணைக்கு முன்பே விசாரணை அதிகாரியிடம் உங்கள் பயத்தைச் சொல்லுங்கள், எங்கே இருக்கிறான், எத்தனை வீடு தள்ளி, இதுவரை என்ன மிரட்டல் என்று விவரமாக. பிள்ளை பக்கம் வரக் கூடாது என்று நிபந்தனை போடுவார்கள். அவன் அக்கா வந்து, "கேஸை வாபஸ் வாங்கு" என்று கெஞ்சினாலும் அது நிபந்தனை மீறலாக இருக்கலாம், எழுதிவைத்து அதிகாரிக்குச் சொல்லுங்கள்.

நீதிமன்றத்தில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளை பேச வேண்டுமா?

வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சினிமாவில் பார்க்கும் கூண்டும் கத்தும் வக்கீலும்தான் எல்லோர் மனதிலும் இருக்கிறது.

1977-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 170ஏ என்று ஒரு பிரிவு. அதன்படி பிள்ளை நீதிமன்றக் கூடத்துக்குள்ளேயே வர வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு சின்ன அறை, அங்கே பிள்ளை, பக்கத்தில் பயிற்சி பெற்ற இடையாளர் ஒருவர், ஒரு கேமரா. இடையாளர் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பார். கூடத்தில் வக்கீல் எவ்வளவு கடுமையாகக் கேட்டாலும் அந்தக் குரல் இடையாளரின் காதுக்குத்தான் போகும், பிள்ளைக்கு எட்டாது. "குறித்த தேதியில் மாலை வேளையில் எதிரியோடு தனித்திருந்ததாக நீ கூறுவது உண்மைக்குப் புறம்பானது அல்லவா?" என்று அவர் கேட்டால், இடையாளர் பிள்ளையிடம் திரும்பி, "அன்றைக்கு சாயங்காலம் வீட்டில் வேறு யாராவது இருந்தார்களா கண்ணு?" என்று கேட்பார். கேள்வியின் சாரத்தை மட்டும் சொல்ல அவருக்குச் சட்டமே அனுமதி கொடுக்கிறது. வாயால் சொல்ல முடியாததைப் பொம்மையை வைத்துக் காட்டலாம். பிள்ளை பேசுவதைக் கூடத்தில் உள்ளவர்கள் திரையில் பார்ப்பார்கள், பிள்ளை அவர்களைப் பார்க்காது. பொதுமக்கள் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள்.

இது தானாக நடந்துவிடும் என்று விடாதீர்கள். அரசு வழக்கறிஞரைத் தேதிக்கு முன்பே பார்த்து, இடையாளர் ஏற்பாடு ஆகிவிட்டதா என்று கேளுங்கள். வழக்கு நடக்கும் முன் ஒருநாள் பிள்ளையை அந்த அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள். பாலியல் குற்றங்களுக்கென்றே தனி நீதிமன்றங்கள் உண்டு, முதலாவது 1993-இல் கேப்டவுனில் வின்பெர்க்கில் வந்தது. ஆனால் வழக்கு இழுக்கும், அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஒத்திவைப்பு மேல் ஒத்திவைப்பு வரும், பிள்ளைக்கு ஆலோசகர் துணை நடுவில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு சாட்சி இல்லை, பிள்ளை சொன்னதும் இரண்டு வருஷம் கழித்துத்தான். நிற்குமா?

நிற்கும். பாலியல் வழக்கு என்பதற்காகவே புகார் கொடுத்தவரின் சாட்சியை நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடு பார்க்கக் கூடாது என்று 2007 சட்டத்தின் 60-ஆம் பிரிவும், தாமதமாகச் சொன்னதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று 59-ஆம் பிரிவும் சொல்கின்றன. ஒரே சாட்சியை வைத்துத் தண்டனை கொடுக்கலாம், அந்தச் சாட்சி நம்பும்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேப்பரில் பெயர் வந்துவிடுமா?

வராது. 2019 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் இதை இன்னும் உறுதியாக்கியது, பிள்ளைக்கு 18 வயது ஆன பிறகும் அந்தப் பாதுகாப்புத் தொடரும். பேப்பரைவிட எனக்குப் பயம் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்தான். பிள்ளையின் பெயரையோ, பள்ளியையோ, "பிரார்த்தனை பண்ணுங்க" என்று படத்தையோ போடுகிறவரும் சட்டத்தை மீறுகிறார்.

எனக்கு நடந்தது 30 வருஷத்துக்கு முன்னால். இப்போது போகலாமா?

போகலாம். முன்பு வன்புணர்ச்சி தவிர்ந்த மற்ற பாலியல் குற்றங்கள் பலவற்றுக்கு 20 ஆண்டுக் கெடு இருந்தது. சிறுவயதில் ஒரே ஆளால் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன எட்டுப் பேர், வயதான பிறகு வழக்குப் போட்டு அதை உடைத்தார்கள். 2018 ஜூன் 14 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் எந்தப் பாலியல் குற்றத்துக்கும் கெடு கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது, பிறகு நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தியது. ஐம்பது வயது அக்காமார் ஒன்றிரண்டு பேர் இதைக் கேட்டதும் என் மேசைக்கு எதிரில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தது உண்டு. போவதும் போகாததும் உங்கள் முடிவு. அந்த ஆள் இன்னும் உயிரோடு, பேரப்பிள்ளைகள் சூழ இருக்கிறார் என்றால், முடிவு செய்யும்போது அந்தப் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஆபத்தில் ஒரு பிள்ளை இருப்பதாகச் சந்தேகம் வந்தால் முதல் கேள்வியில் சொன்ன கடமை உங்களுக்கும் வந்துவிடுகிறது.

எங்கள் கோயிலில் ஞாயிறு தமிழ் வகுப்பும் பரதநாட்டிய வகுப்பும் நடக்கின்றன. கமிட்டி என்ன செய்ய வேண்டும்?

பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவரின் பெயரையும் இரண்டு பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும், சம்பளம் வாங்காத தொண்டராக இருந்தாலும் சரி. ஒன்று, சமூக மேம்பாட்டுத் துறையின் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேடு, பகுதி பி. பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியில்லை என்று தீர்மானிக்கப்பட்டவர்களின் பெயர் அதில் இருக்கும். இரண்டாவது, நீதித் துறையின் தேசியப் பாலியல் குற்றவாளிகள் பதிவேடு, 2009-இலிருந்து இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்க முடியாது, 2025-இல் பொதுவில் வெளியிடப்போவதாகச் சொல்லித் தள்ளிப்போட்டார்கள். அமைப்பு என்ற முறையில் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

"இந்தியாவிலிருந்து வந்த மாஸ்டர், அவரைப் போய்ச் சந்தேகப்படுவதா?" என்று கமிட்டியில் ஒரு அண்ணாச்சி கட்டாயம் கேட்பார். எல்லோரையும் சரிபார்க்கிறோம், தலைவரையும் சேர்த்து என்று சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் கேளுங்கள், இங்குள்ள பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வாய்ப்புக் குறைவு. காவடி சமயத்தில் இரவு முழுக்கப் பிள்ளைகள் கோயிலில் தங்குகிறார்கள், யார் எந்த அறையில் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு ஒரு பொறுப்பாள் போடுங்கள், அறைக்கதவு திறந்தே இருக்கட்டும்.

போனில் யாரோ மகளிடம் படம் கேட்டிருக்கிறான். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எல்லோருக்கும் அனுப்பி எச்சரிக்கலாமா?

உரையாடலை எடுத்துவையுங்கள். ஆனால் பிள்ளையின் ஆபாசப் படத்தை எச்சரிக்கைக்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்புவதே குற்றம், கையில் வைத்திருப்பதும் குற்றம். போனை அப்படியே போலீஸிடம் கொடுங்கள், எதையும் அழிக்க வேண்டாம். பிள்ளையிடம் ஆபாசப் படம் காட்டுவது, பழகிப் பழகி வழிக்குக் கொண்டுவருவது எல்லாம் 2007 சட்டத்தில் தனித்தனிக் குற்றங்கள். தொட்டிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

செய்ததே ஒரு பிள்ளைதான். பெரியம்மா பையன், 11 வயது.

12 வயதுக்குக் கீழே உள்ளவர்மீது கிரிமினல் வழக்கு நடத்த முடியாது, 2022 ஆகஸ்ட் முதல் இதுதான் வயது, முன்பு 10. 12, 13 வயதில் குற்றம் புரியும் திறன் இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். அதனால் சும்மா விடலாம் என்று இல்லை, சமூகப் பணியாளரிடம் போக வேண்டும். அந்தப் பையனுக்கும் எங்கேயோ ஏதோ நடந்திருக்கலாம், அதையும் யாராவது கேட்க வேண்டும்.

தண்டனை எவ்வளவு?

18 வயதுக்கு உட்பட்டவரை வன்புணர்ச்சி செய்தால் ஆயுள் தண்டனை, குறைப்பதற்கு வலுவான, கட்டாயமான காரணம் இருப்பதாக நீதிபதி கண்டால் ஒழிய. மற்றக் குற்றங்களுக்குச் சம்பவத்தைப் பொறுத்தது.

கேஸை வாபஸ் வாங்கலாமா? மாமியார் சாப்பிடாமல் கிடக்கிறார்.

வழக்கு உங்களுடையது இல்லை, அரசாங்கத்துடையது. நடத்துவதா நிறுத்துவதா என்று அரசு வழக்கறிஞர்தான் முடிவு செய்வார். மாமியாரிடம் இதையே சொல்லுங்கள், "நான் நினைத்தாலும் நிறுத்த முடியாது அத்தை" என்று. பல மருமகள்களுக்கு இந்த ஒரு வரி பெரிய உதவியாக இருந்திருக்கிறது.

இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்? அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு பேசத் தெரியாது.

புகாருக்கும், துதுசேலா மையத்துக்கும், அரசு வழக்கறிஞருக்கும் ஒரு ரேண்ட்கூடக் கொடுக்க வேண்டாம், யாராவது கேட்டால் அது லஞ்சம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், ஆனால் தமிழுக்கு ஆள் கிடைப்பதற்கு நாளாகும், அதனால் அம்மா சாட்சி என்று தெரிந்த அன்றைக்கே விசாரணை அதிகாரியிடம் சொல்லி ஃபைலில் எழுதவையுங்கள். சொந்தக்காரர் யாரையும் மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள், குறிப்பாக மாமா வீட்டுப் பக்கத்து ஆளை.